நான்கு வீடுகளில் ஒரே பெசாக் இரவு

2020 மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் என் மாமியார் ஃபுளோரிடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "இந்த வருடம் செடெர் தட்டை நீயேதான் எடுத்துவைக்க வேண்டும்" என்றார். எனக்குத் திருமணமாகி அது பதின்மூன்றாவது ஆண்டு. அதுவரை ஒவ்வொரு பெசாக் பண்டிகைக்கும் நியூ ஜெர்சியிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போய், ஆப்பிள் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, பாதிகூடப் புரியாத ஹீப்ரூப் பாடல்களுக்கு மேசையில் தாளம் போடுவது என்று மூன்றே வேலைகளைச் செய்துவந்தவள் நான். மதுரையில் பிறந்து யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், மதம் மாறவில்லை, மாறச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. ஆகவே அந்தத் தட்டு என் பொறுப்பில் ஒருநாள் வந்து சேரும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. கொரோனாவால் விமானப் பயணம் அடங்கிப்போய், எங்கள் மாநிலத்தில் வீடடங்கு ஆணையும் வந்துவிட்ட நிலையில், 82 வயது மாமனாரும் 78 வயது மாமியாரும் இருக்கும் வீட்டுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

தமிழ் வேதாகமத்தில் பஸ்கா என்று நாம் படிப்பதைத்தான் யூதர்கள் பெசாக் என்கிறார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறியதை நினைவுகூரும் இப்பண்டிகை, நிசான் மாதத்தின் பதினைந்தாம் நாள், அதாவது முழுநிலவை ஒட்டிய இரவில் தொடங்குகிறது. அந்த இரவில் குடும்பம் கூடி நடத்தும் விருந்துச் சடங்குக்குச் செடெர் என்று பெயர். அச்சொல்லுக்கு ஒழுங்கு, வரிசை என்று பொருள். பெயருக்கேற்ப முதல் கிண்ணத்து மதுவை வாழ்த்துவதில் தொடங்கி 'அடுத்த ஆண்டு எருசலேமில்' என்று முடிப்பது வரை பதினைந்து படிகள் உண்டு. இவை அனைத்தையும் வழிநடத்தும் கையேடுதான் ஹகாதா. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து ஆட்டுக்குட்டியைப் பலியிடும் வழக்கம் நின்றுபோன பிறகு, பண்டிகையின் நடுவிடம் பலிபீடத்திலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. பூசாரியும் தேவையில்லை, கோயிலும் தேவையில்லை என்று ஏற்கெனவே ஆகிவிட்ட ஒரு சடங்கு இது. எனவே அதை நான்கு வீடுகளில் நான்கு மேசைகளாகப் பிரித்துக்கொள்வது அப்படியொன்றும் பெரிய மீறல் அல்ல என்பதுதான் என் கணவரின் வாதம்.

மாமனார் அதை எளிதில் ஏற்கவில்லை. அவர் புரூக்ளினில் ஆசாரமான வீட்டில் வளர்ந்தவர். பண்டிகை நாளில் மின்விசையைக்கூடத் தொடமாட்டார். கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு செடெர் நடத்துவதா என்று இரண்டு நாள் யோசித்தார். அந்த வாரம்தான் இஸ்ரேலில் ஸ்பெயின், வட ஆப்பிரிக்க யூதர்களின் செபார்டிய மரபைச் சேர்ந்த 14 ரபிகள் (யூத மதகுருமார்), பண்டிகை தொடங்குவதற்கு முன்பே கருவியை இயக்கிவைத்துவிட்டால் முதியவர்கள் தம் குடும்பத்தோடு காணொளியில் செடெர் கொண்டாடலாம், இது இந்த நெருக்கடிக் காலத்துக்கு மட்டுமான அனுமதி என்று தீர்ப்பளித்திருந்தார்கள். அந்நாட்டுத் தலைமை ரபிகளோ அதை மறுத்தார்கள். என் மாமனார் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபினர். செபார்டிய ரபிகளின் தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று முதலில் சொன்னவர், மறுநாள் காலை அழைத்து, "கணினியை வெளிச்சம் இருக்கும்போதே இயக்கிவிடுவேன், அதன்பிறகு விரல் படாது" என்றார். பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் அந்த இரவைக் கழிப்பதைவிட ஒரு தீர்ப்பைக் கடன் வாங்கிக்கொள்வது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆனால் 'விரல் படாது' என்ற அந்த ஒரு நிபந்தனையால் எங்கள் ஏற்பாடுகள் எல்லாம் தலைகீழாயின. தொடாமல் விட்டால் திரை தானே உறங்கிவிடும். ஆகவே அந்த அமைப்பை மாற்ற வேண்டும். மின்கம்பி செருகியபடியே இருக்க வேண்டும். புதுப்பிப்புக்காகக் கணினி தானே அணைந்து எழுகிற வழக்கத்தை அன்றைக்கு நிறுத்திவைக்க வேண்டும். காணொளிக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட ஜூம் செயலியில் அப்போது மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும் என்பதால், மறுபடி சேர அவரால் முடியாது என்று கருதி ஒரு மாதத்துக்குப் பணம் கட்டினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ஒலியை அணைத்துக்கொள்ளும் வழக்கமான முறை அவரிடம் செல்லாது. அவருடைய ஒலி மட்டும் மாலை முழுவதும் திறந்தே இருக்கும், மற்ற மூன்று வீடுகளே அணைப்பதும் திறப்பதுமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். வயதானவர்களோடு இப்படி ஒரு விழாவை நடத்த எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஆசாரம் காரணமாகவோ நடுங்கும் விரல் காரணமாகவோ யாரால் கருவியைத் தொட முடியாதோ, அவரை நடுவில் வைத்து மற்ற அனைவருடைய ஏற்பாட்டையும் அமைக்க வேண்டும்.

நேரம் அடுத்த சிக்கலாயிற்று. நாத்தனார் லாஸ் ஏஞ்சலஸில், எங்களுக்கு மூன்று மணி நேரம் பின்னால். கணவரின் சித்தப்பா மகன் லண்டனில், ஐந்து மணி நேரம் முன்னால். மாமனார் மாமியாருக்கும் எங்களுக்கும் மட்டுமே ஒரே கடிகாரம். இருட்டிய பிறகு தொடங்குவதுதான் மரபு; அப்படிச் செய்தால் லண்டனில் பொழுது விடியப் பார்க்கும். மட்ஸா என்னும் புளிக்காத ரொட்டியையும் கசப்புக் கீரையையும் மட்டும் இருட்டிய பிறகு உண்போம், அதற்கு முன்னுள்ள கதை சொல்லும் பகுதியை வெளிச்சத்திலேயே தொடங்கிவிடலாம் என்ற ஏற்பாட்டில் ஏப்ரல் 8, புதன்கிழமை மாலை ஆறரை மணி என்று குறித்தோம். லண்டன்காரர் தம் வீட்டுச் செடெரை முடித்துவிட்டு, இரவு பதினொன்றரைக்கு எங்களோடு சேர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸிலோ பிற்பகல் மூன்றரை மணி. 'இந்த இரவு ஏன் வேறுபட்டது' என்று கேட்கவேண்டிய நேரத்தில் அங்கே வெயில் கொளுத்தியது.

பண்டிகைக்கு முந்தைய வாரம் சமையலறையில் கழிந்தது. கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் எதுவும் நீர் பட்டுப் புளித்தால் அது ஹமேட்ஸ். அது எட்டு நாளும் வீட்டில் இருக்கக்கூடாது. போகிக்கு வீட்டைக் கழுவிவிட்ட பழக்கம் எனக்குக் கைகொடுத்தது என்றாலும், ரொட்டி சுடும் அடுப்பின் மூலையில் ஒட்டிய துணுக்கைப் பல் குச்சியால் எடுக்கும் அளவுக்குப் போகிகூட என்னைக் கொண்டுபோனதில்லை. அரிசியும் பருப்பும் ஹமேட்ஸ் அல்ல. ஆனாலும் அஷ்கெனாசியர் அவற்றையும் பல நூற்றாண்டுகளாக விலக்கிவருகிறார்கள், செபார்டியர் உண்கிறார்கள். யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2015இல் அஷ்கெனாசியருக்கும் அனுமதி கொடுத்துவிட்டது என்று நான் ஆண்டுதோறும் மாமனாரிடம் சொல்வேன். அவர் ஆண்டுதோறும் சிரித்துவிட்டு உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்துவார். எட்டு நாள் சோறில்லாத ஒரு பண்டிகையைத் தமிழச்சி ஒருத்தி எப்படித் தாங்குகிறாள் என்று என் அம்மா இன்றும் கேட்கிறார்.

செடெர் தட்டில் ஆறு பொருள்கள் வேண்டும். வேகவைத்துச் சற்றே வாட்டிய முட்டை, உப்புநீரில் தோய்க்கப் பார்ஸ்லி, ரொமெய்ன் கீரை, ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரக் கிழங்கு ஆகியவை எப்படியோ கிடைத்துவிட்டன. அடிமைகள் குழைத்த சாந்தைக் குறிக்கும் ஹரோசெட்டை ஆப்பிள், வால்நட், இலவங்கப்பட்டைத் தூள், இனிப்பு ஒயின் கொண்டு நானே செய்தேன். அதில் மட்டும் எனக்குப் பதின்மூன்று ஆண்டுப் பயிற்சி இருந்தது. ஆட்டின் முன்கால் எலும்புதான் கிடைக்கவில்லை. கடைக்குள் ஆளை எண்ணி விட்ட நாள்கள் அவை. இறைச்சிப் பகுதி துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மாமனாரைக் கேட்டபோது அவர் தயங்காமல், "பீட்ரூட் வை" என்றார். யூதச் சட்ட விளக்க நூலான பாபிலோனியத் தால்முதின் பெசாகிம் பகுதியில், மேசையில் இருக்கவேண்டிய இரண்டு சமைத்த உணவுகள் எவை என்ற கேள்விக்கு, பீட்டும் அரிசியும் என்று ராவ் ஹுனா விடை சொல்கிறார். அதை வைத்து ராவ் அஷி, அரிசி ஹமேட்ஸ் ஆகாது என்ற முடிவுக்கு வருகிறார். இதை மாமனார் விளக்கி முடித்ததும் நான் விடவில்லை: "அப்படியானால் அரிசி?" மறுமுனையில் நீண்ட மௌனம். "பீட்ரூட் மட்டும்" என்றார்.

சமையலில் மாமியார் தொலைபேசி வழியாகவே என் கையைப் பிடித்து நடத்தினார். பேரப்பிள்ளைகள் அழைப்பதுபோல் நானும் அவரைப் பபி என்றே அழைப்பது வழக்கம். பெயர் சொல்லி அழைக்க இத்தனை ஆண்டுகளாகியும் எனக்கு நாவெழவில்லை. சூப்பில் போடும் உருண்டைகளுக்கு மட்ஸா மாவில் முட்டையும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, உருட்டி, கொதிக்கும் நீரில் இட்டு மூடிவிட வேண்டும். பிறகு அரை மணிக்கு மூடியைத் திறக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். "இட்லிக் கொப்பரை மாதிரி" என்று நான் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு முறை அவசரப்பட்டு அந்த மூடியைத் திறந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

முதல் நாள் மாலை ஒத்திகை பார்த்தோம். இது வீண் என்று என் கணவர் முணுமுணுத்தார். ஆனால் அன்று தெரியவந்த குறைகள் பண்டிகை இரவில் தெரிந்திருந்தால் சரிசெய்ய வழியே இருந்திருக்காது. மாமனாரின் கணினி மேசைமேல் படுத்தவாறு இருந்ததால் எங்களுக்கு அவருடைய மோவாயும் கூரைவிளக்கும் மட்டுமே தெரிந்தன. நான்கு தடித்த புத்தகங்களை அடியில் வைத்து உயர்த்தச் சொன்னோம். லாஸ் ஏஞ்சலஸில் நாத்தனார் குடும்பம் சாளரத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்ததால் நால்வரும் நிழலுருவங்களாகத் தெரிந்தார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கை முகத்துக்கு எதிரே வைத்ததும் சரியாயிற்று. எங்கள் வீட்டில் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில், ஒருவர் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் நிறுத்தினோம். அந்த இடத்தில் ஒரு தட்டும் கிண்ணமும் வைத்தாள் என் ஆறு வயது மகள். கூட்டத்தைப் பார்ப்பவர்களாக இல்லாமல் பந்தியில் இருப்பவர்களாக எங்களை உணரவைத்தது, கருவிகளைவிட அந்தக் காலித் தட்டுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் பண்டிகை இரவு பிசகோடுதான் தொடங்கியது. அழையா விருந்தாளிகள் இணையக் கூட்டங்களுக்குள் நுழைந்து தொல்லை கொடுத்த காலம் அது. அதனால் ஏப்ரல் 5 முதல் ஜூமில் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் இயல்பாகவே இயங்கத் தொடங்கியிருந்தன. என் கணவர் அதைக் கவனிக்கவில்லை. லண்டன்காரர் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அந்த அறையில் கால்மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். விருந்தை நடத்துபவரும் வாசலைக் கவனிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அந்த வேலையை என் பதினொரு வயது மகனிடம் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது புத்தகக் குழப்பம். அமெரிக்காவில் 1932 முதல் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி நிறுவனம் ஹகாதாவை அச்சிட்டுக் கடைகளில் இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஒயின் கறை படிந்த அந்தப் பிரதிகள் இல்லாத யூத வீட்டைக் காண்பது அரிது. மாமனாரிடம் இருந்தவை அறுபதுகளில் அச்சானவை. நாத்தனாரிடம் இருந்தது 2011இல் மொழிபெயர்ப்பைப் புதுப்பித்து வெளியிட்ட பதிப்பு. லண்டனில் இருந்தது வேறு எங்கோ அச்சானது. என்னிடம் இருந்ததோ குழந்தைகளுக்கான படப் புத்தகம். மாமனார் பக்க எண்ணைச் சொல்லச் சொல்ல, நான்கு வீடுகளிலும் தாள் புரளும் ஓசை மட்டுமே கேட்டது. இறுதியில் நாத்தனாரின் மகன், எண்ணைச் சொல்லாமல் படியின் பெயரைச் சொல்லுமாறு தாத்தாவிடம் கேட்டான். காதேஷ், உர்ஹட்ஸ், கர்பாஸ், யஹட்ஸ் என்று பதினைந்து படிகளின் பெயர்களும் பாட்டாகவே பாடத்தக்கவை. அவை எதற்காக அப்படிப் பாட்டாக்கப்பட்டன என்பது அன்று எங்களுக்கு நன்றாக விளங்கியது. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே கோப்பை முன்கூட்டியே அனுப்பி அச்செடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வதே நல்லது.

வயதில் இளையவர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். என் மகள் நாற்காலிமேல் ஏறி நின்று, 'மா நிஷ்தனா' என்று தொடங்கி ஒரு பிழையும் இல்லாமல் பாடினாள். லாஸ் ஏஞ்சலஸிலும் லண்டனிலும் ஒலியை அணைத்திருந்ததால் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரையில் அவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது ஏமாற்றமாகப் போயிற்று. "அவர்களுக்குக் கேட்கவில்லையா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தை பாடி முடிக்கும் இடத்தில் எல்லாரும் ஒலியைத் திறக்க வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் முன்பே எழுதிவைத்திருக்கலாம்.

சேர்ந்து பாடுவது இயலவே இயலாது என்பதை 'தாயேனு' வந்தபோது ஒப்புக்கொண்டோம். 'அதுவே நமக்குப் போதுமாயிருந்திருக்கும்' என்று அடிக்கு அடி திரும்பும் பல்லவி அது. பந்தியில் அனைவரும் மேசையைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். ஒரு வீட்டுக் குரல் மறுவீட்டை அடைய நொடியில் ஒரு சிறு பங்கு ஆகிறது. பேச்சில் அது தெரிவதில்லை, தாளத்தில் தெரிந்துவிடுகிறது. போதாக்குறைக்குச் செயலி ஓங்கிய குரலை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அமுக்கிவிடுகிறது. அரை நிமிடக் கூச்சலுக்குப் பிறகு நாங்கள் ஒலியை அணைத்துவிட்டு, மாமனார் ஒருவரே பாட, ஒவ்வொரு வீடும் அவரோடு தனித்தனியே பாடியது. அவர் காதுக்குத் தம் மனைவியின் குரலைத் தவிர வேறொன்றும் எட்டவில்லை. ஆனாலும் எங்கள் வாயசைவைப் பார்த்தபடி பதினான்கு அடிகளையும் விடாமல் பாடினார்.

எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி ஒயினை விரலால் தொட்டுத் தட்டில் வைக்க வேண்டும். பகைவரின் துன்பத்திலும் நம் மகிழ்ச்சி குறைய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. இரத்தம், தவளை, பேன் என்று தொடங்கித் தலைச்சன் பிள்ளைகளின் சாவில் முடியும் அந்தப் பட்டியலைப் பிள்ளைகள் எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்று கால்நடைக் கொள்ளைநோய் என்ற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வாதை கடந்துபோகும் இரவில் விடியும்வரை ஒருவரும் தம் வீட்டு வாசலைவிட்டு வெளியே போகக்கூடாது என்று யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது என மாமனார் நினைவூட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. முன்னதாக மட்ஸாவை உயர்த்திப் பிடித்து, பசித்தோர் எல்லாரும் வந்து உண்ணுங்கள் என்று அராமிக் மொழியில் அழைக்கும் வரியைப் படித்தபோதும், யாரையும் உள்ளே விட முடியாத ஒரு வீட்டிலிருந்து அதைச் சொல்கிறோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் மூதாட்டி ஒருவரின் வாசலில் சூப்பை வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டு வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் திரையை என்ன செய்வது என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. நான்கு குடும்பங்கள் ஒருவரையொருவர் மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது விசித்திரமாக இருந்தது. பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் பேசலாம். திரையில் யார் எதைச் சொன்னாலும் அது மேடைப்பேச்சாகிவிடுகிறது. கொழுந்தனாரோடு மேசைக்கடியில் பகிர்ந்துகொள்ளும் கிண்டல், மாமியார் காதருகே வந்து சொல்லும் ஊர்ச் செய்தி ஆகியவற்றை எந்த ஏற்பாட்டாலும் நான் திரும்பப் பெற முடியவில்லை.

அஃபிகோமன் என்னும் ஒளித்துவைத்த மட்ஸாத் துண்டைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துத் தாத்தாவிடம் பேரம் பேசினால்தான் விருந்து முடியும். மாமனார் ஒரு வாரம் முன்பே இரண்டு உறைகளைத் தபாலில் அனுப்பி, 'கண்டுபிடிக்கும் வரை திறக்காதே' என்று எழுதியிருந்தார். நாங்கள் ஒளித்த இடத்தைப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். உறைக்குள் பணத்தோடு, பேரம் பேசத் தவறிவிட்டீர்கள் என்று ஒரு சீட்டும் இருந்தது. எலியா தீர்க்கதரிசிக்காக வாசற்கதவைத் திறக்கும் படி வந்தபோது எங்கள் வாசலுக்கு நேரே நிலா இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கதவைத் திறந்ததும் அந்திவெயில் உள்ளே விழுந்தது.

2021இல் முதல் செடெர் மார்ச் 27, சனிக்கிழமை இரவில் வந்தது. ஓய்வுநாள் முடிவதும் பண்டிகை தொடங்குவதும் ஒன்றாக இருந்ததால், மாமனார் வெள்ளி மாலையே எல்லாவற்றையும் முடித்துவைக்க வேண்டியிருந்தது. அழைப்பு வந்தால் யாரும் தொடாமல் தானே எடுத்துக்கொள்ளும்படி கருவியை அமைத்து, மின்கம்பியில் செருகி, வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டார். சனி இரவு நாங்கள் அழைத்தபோது முதலில் தெரிந்தது காலி நாற்காலி. பிறகு அதில் அவர் வந்து அமர்ந்தார். அந்த ஆண்டு கதைப் பகுதியை முக்கால் மணிக்குள் சுருக்கினோம். ஒவ்வொரு படியையும் ஒரு வீட்டுக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்ததால் எல்லாரும் தம் முறைக்காக விழித்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் விட்டு, யார் வேண்டுமானாலும் எழுந்துபோகலாம், பாடல்களுக்கு விருப்பமுள்ளவர்கள் திரும்பி வரலாம் என்று சொல்லிவிட்டோம்; எல்லாருமே திரும்பி வந்தார்கள்.

2022 ஏப்ரல் 15 அன்று நாங்கள் மீண்டும் ஃபுளோரிடாவில் இருந்தோம். நாத்தனார் குடும்பமும் வந்திருந்தது. லண்டன்காரர் வர முடியாததால் மேசை முனையில் நான்கு புத்தகங்களின்மேல் கணினி வெளிச்சத்திலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. தட்டை எடுத்துவைக்க மாமியார் என்னைத்தான் அழைத்தார். கடையில் எலும்பு கிடைத்திருந்தது. அதை வாட்டி அதற்குரிய இடத்தில் வைத்தேன். மாமனார் தட்டைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். "பீட்ரூட் எங்கே?" என்றார்.